காய்ச்சல் வராத ஊசி

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் தேதியிலிருந்து, எங்கள் கோட்டத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது அடியோடு நிறுத்தப்பட்டது. மருந்தை மாற்றவில்லை. ஊசியையும் மாற்றவில்லை. ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம், அவ்வளவுதான்.

"தடுப்பூசியினால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் உண்டாகும் என்பது விஷமிகள் கிளப்பிவிட்ட வதந்தி. ஊசிக்குப் பின் சிற்சில குழந்தைகளிடம் காணப்படுவது தற்காலிக உடல் வெதுவெதுப்பு மட்டுமே. இதைக் காய்ச்சல் என்று சொல்வோர், எழுதுவோர், பிறர் எழுதுவதைக் கண்டும் காணாதிருப்போர் அனைவர் மீதும் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

'தற்காலிக உடல் வெதுவெதுப்பு' என்ற சொற்றொடர் என்னுடையது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் பிடித்தது.

என் பெயர் வேதாந்தம். திருப்பதிக்காரன். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பெருமாளுக்கு முன்னால் நின்று பாசுரம் சேவித்தவர்கள். நான் ஒருவன்தான் தப்பி, மனிதர்களுக்கு முன்னால் நின்று கக்குவான் இருமலைப் பற்றிப் பேசும் உத்தியோகத்துக்கு வந்தேன். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் புளியவேடு என்ற கிராமத்து சுகாதார நிலையத்தில் சுகாதாரப் பிரசாரகர். பெருமாள் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. புளியவேட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

சுற்றறிக்கை பிறந்ததற்குக் காரணம் எங்கள் நர்ஸ் கிருபாபாய். மிஷன் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. இருபது வருஷ சர்வீஸ். தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு என்று மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசி எங்கள் பக்கம் மும்முரமாக வந்த புதிது. ஜீப்பைப் பார்த்தாலே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிடித்துப்போக வருகிறார்கள் என்று ஆம்பிளைகள் சோளக்கொல்லைக்குள் ஓடி ஒளிந்த காலம் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்படியும் கிருபாபாயிடம் தாய்மார்கள் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். அவர் ஒவ்வொருத்தியிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"இந்தா பாரு, சாயங்காலம் புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். தொடை கொஞ்சம் வீங்கும். நைநைன்னு அழும். பயந்துடாத. இந்த மாத்திரையில கால் துண்டு கரைச்சுக் குடு. நாளன்னிக்கு விளையாடிக்கினு இருக்கும். சில புள்ளைக்குக் காய்ச்சலே வராது, அதுவும் சரிதான்."

அப்படியே நடக்கும். அடுத்த தவணைக்கு அவர்களே வருவார்கள். மாதக் கடைசியில் அறிக்கையில் 'காய்ச்சல் கண்ட குழந்தைகள்: பதினொன்று' என்று உண்மையை எழுதிவிட்டார் கிருபாபாய். அங்கேதான் தப்பு நடந்தது.

கோட்டப் பிரசார அதிகாரி ரங்கையா சஃபாரி சூட்டில் வந்து இறங்கினார். அந்த வருஷம் அதிகாரிகள் எல்லோரும் சஃபாரி சூட்டுக்கு மாறியிருந்தார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் மாதிரிதான் ஆய்வுக்கு வருவார்கள்.

"ஏமய்யா வேதாந்தம்! மத்த ஏரியாவில எல்லாம் ஜ்வரம் ஜீரோ. நீ மட்டும் எதுக்கய்யா பதினொண்ணு?"

"மற்ற இடத்தில் எழுதவில்லை சார். இங்கே எழுதிவிட்டோம்."

"அதே சொல்றேன். எழுதினா வருது. எழுதலைன்னா வரல. எழுதாதே!"

இதில் இருந்த விஞ்ஞானம் எனக்கு உடனே பிடிபட்டது. அவர் கையெழுத்துக்குச் சுற்றறிக்கையை எழுதினேன். கையோடு, வதந்தி பரப்பியதாகக் கிருபாபாய்க்கு ஒரு மெமோவும் நானே தட்டச்சு செய்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"காய்ச்சல் வரும்னு நான் சொன்னது வதந்தியா சார்?"

"அது காய்ச்சல் இல்லை சிஸ்டர். வெதுவெதுப்பு."

"நூத்தியொண்ணு டிகிரி வெதுவெதுப்பா?"

"தற்காலிக வெதுவெதுப்பு."

"சரி சார். இனிமே நான் வாயத் தொறக்கல. ஊசி மட்டும் போடறேன். பேசறதெல்லாம் நீங்களே பேசிக்கோங்க."

பேசுவதில் எனக்கென்ன குறை? ஊர் நுழைவாயிலில் இருந்த சத்திரத்துச் சுவரில் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று ஆளுயர எழுத்தில் எழுதவைத்தேன்: 'ஊசி போட்டால் காய்ச்சல் வராது. இது அரசின் உறுதிமொழி.' முகாம் நாளன்று ஒலிபெருக்கி வைத்து முக்கால் மணி நேரம் அதையே முழங்கினேன். முப்பத்தி நாலு குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டன. மறுநாளைக்குள் அவற்றில் இருபத்தாறுக்கு நல்ல காய்ச்சல்.

கிருபாபாய் காலத்தில் காய்ச்சல் வந்தால், சொன்னபடி வந்தது என்று தாய்மார்கள் மாத்திரையைக் கரைத்தார்கள். இப்போது வராது என்று சர்க்காரே சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் வந்துவிட்டது. என்ன அர்த்தம்? சைக்கிள் கடை துலுக்காணம் என்னை நடுத்தெருவில் நிறுத்தி அர்த்தம் சொன்னான். ஏழு மாதத்தில் எல்லம்மா என்று ஒரு பெண் குழந்தை அவனுக்கு. அதுவரை ஒரு தவணைகூடப் போடவில்லை.

"ஐயரே, அந்த ஊசி போட்டா காய்ச்சல் வராதுன்னு நீதான மைக்ல சொல்லிக்கினு இருந்த?"

நான் ஐயங்கார் என்று அவனிடம் விளக்கி ஓய்ந்துபோனவன். "ஆமாம், சொன்னேன்."

"நீ பொய் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப காய்ச்சல் வந்துச்சுன்னா, போட்டது அந்த ஊசி இல்ல. வேற ஊசி. ஆம்பளைங்களப் புடிக்க முடியலன்னு குழந்தையிலயே ஆபரேசன் பண்ற ஊசி."

நான் பி.ஏ. தர்க்க சாஸ்திரம் படித்தவன். அவன் வாதத்தில் ஓட்டை தேடினேன். இருந்த ஒரே ஓட்டை, நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதுதான். அதை நான் எப்படிச் சுட்டிக்காட்டுவது?

அடுத்த புதன்கிழமை முகாமுக்கு வந்தவர்கள் பூஜ்யம். அதற்கடுத்த புதன்கிழமையும் பூஜ்யம். ஐஸ் பெட்டியைத் திறக்காமலே மூடிக்கொண்டு கிருபாபாய் சர்ச் கூட்டத்துக்குப் போய்விட்டார். கோட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த மாதம் எங்கள் காய்ச்சல் எண்ணிக்கையும் பூஜ்யம் அல்லவா?

ஆனால் ஊசி எண்ணிக்கையும் பூஜ்யம் என்பதை யாரோ கவனித்துவிட்டார்கள். ரங்கையா மறுபடி வந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் 'ஐயந்தெளி கூட்டம்' ஏற்பாடாயிற்று. மேடை, சாமியானா, மாலை. சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்று அறிவித்ததும் துலுக்காணம் எழுந்தான்.

"சாரு, ஒரே ஒரு கேள்வி. ஊசி நல்லதுன்னு சொல்றீங்களே, உங்க வூட்டுப் புள்ளைங்களுக்குப் போட்டீங்களா?"

ரங்கையா சிரித்துக்கொண்டே தன் பிள்ளைகள் காலேஜில் படிப்பதாகச் சொன்னார். எங்கள் நிலையத்து டாக்டர் தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றார். கிருபாபாய் எழுந்து, "என் நாலு புள்ளைக்கும்..." என்று ஆரம்பித்தார். மெமோ வாங்கியவர் மேடையில் பேசக்கூடாது என்று அவரை உட்காரவைத்தேன். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் இருப்பது ஊருக்கே தெரியும்.

"என் பெண் மரகதவல்லிக்கு மூன்று தவணையும் போட்டாயிற்று!" என்று மைக்கில் சொன்னேன். "பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

பதிவேட்டில் இருந்தது வாஸ்தவம். குழந்தையின் தொடையில்தான் இல்லை. என் மனைவி நாமகிரி மூன்று தடவை கேட்டாள்: "ஏன்னா, இந்த வாரம் போட்டுடலாமா?" முதல் தடவை குழந்தைக்கு ஜலதோஷம் என்றேன். இரண்டாவது தடவை நாள் நன்றாக இல்லை என்றேன். மூன்றாவது தடவை பல் முளைக்கிறது என்றேன். அதெல்லாம் காரணமே இல்லை. வீடு வீடாகப் போய் வீங்கிய தொடைகளைப் பார்த்துப் பார்த்து, நம் குழந்தையின் தொடை அப்படி ஆனால் தாங்கமாட்டேன் என்று எனக்குப் பயம். பிரசாரகர் வீட்டிலேயே போடவில்லை என்றால் நன்றாக இராதே என்று, பதிவேட்டில் மூன்று கட்டத்திலும் நானே டிக் அடித்து, மருந்துப் பாட்டில் எண்ணையும் அழகாக எழுதிவைத்திருந்தேன்.

துலுக்காணம் விடவில்லை. "உன் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"வரவே இல்லை!"

அந்தக் கூட்டத்தில் நான் பேசிய ஒரே உண்மை அது. குரலில் அந்த உறுதி தெரிந்திருக்க வேண்டும். சனங்கள் ஒரு நிமிஷம் அப்படியே அசந்துபோனார்கள். கைதட்டல் வரும் என்று ரங்கையா மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"பாத்தீங்களா!" என்று துலுக்காணம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஆபீசர் புள்ளைக்கு ஒரு ஊசி, நம்ம புள்ளைக்கு ஒரு ஊசி. அவங்க ஊசியில காய்ச்சல் வராது. ஐயரே, உன் பாப்பாவுக்குப் போட்டியே, அந்த ஊசியத்தான் எங்களுக்கும் போடணும்!"

இதன்பேரில் 'ஆபீசர் ஊசி' வேண்டி நூற்று நாற்பது பேர் கைநாட்டும் கையெழுத்தும் வைத்த மனு ரங்கையாவிடம் சேர்ந்தது. மனு வந்தால் விசாரிக்க வேண்டும். பதிவேட்டைப் பிரித்தார்.

"உன் குழந்தைக்குப் போட்டது எந்த பாட்டில்?"

நான் எழுதிவைத்த எண்ணைக் காட்டினேன்.

"ஊருக்குப் போட்டது?"

அதுவும் அதே எண்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே மருந்துன்னு சொன்னா நம்ப மாட்டாங்கய்யா. வித்தியாசம் காட்டணும். பாதி பாட்டிலுக்கு மஞ்சள் லேபிள் ஒட்டு. 'உயர்தரம்'னு எழுது."

"மருந்து அதேதானே சார்?"

"மருந்து அதே. நம்பிக்கைதான் வேற."

லேபிள் அச்சாகி வருவதற்குள் கக்குவான் வந்துவிட்டது.

முதலில் வடக்குத் தெருவில் இரண்டு குழந்தைகள். பிறகு ஐந்து. தொடர்ந்து இருமி இருமி, மூச்சு முட்டி, கடைசியில் கூவுவது போல ஒரு சத்தம். நான் பிளானல் துணிப் பலகையில் படம் ஒட்டி நூறு தடவை விளக்கியிருக்கிறேன். காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் என் வீட்டில்தான்.

சனிக்கிழமை காலை. நாமகிரி மடியில் மரகதவல்லி இருமிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. முகம் சிவந்து, பிறகு உதடு நீலமாயிற்று. பிறகு அந்தக் கூவல். நாமகிரி, "ஏன்னா, குழந்தை என்னமோ மாதிரி ஆறதே!" என்று அலறினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து கிருபாபாய் ஓடிவந்தார். குழந்தையைக் குப்புறத் திருப்பி, வாயைத் துடைத்து, மூச்சு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"இது கக்குவான் சார்."

நான் குழந்தையின் முதுகைத் தடவினேன்.

"மூணு தவணை போட்ட புள்ளைக்கு இந்த அளவுக்கு வராது சார்."

அப்போது என் மனதில் ஓடியதைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. நானோ, பதிவேட்டின்படி இவளுக்குக் கக்குவான் வர வழியில்லையே, அறிக்கையில் என்ன பெயர் போடுவது, 'தற்காலிகத் தொண்டை...' என்று ஒரு சொற்றொடரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸப் புடிங்க சார்!" என்று கிருபாபாய் அதட்டினார். இருபது வருஷத்தில் ஒரு மேலதிகாரியை அவர் அதட்டியது அன்றுதான்.

திருப்பதி பஸ்ஸில் முன் சீட்டில் துலுக்காணமும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் எல்லம்மாவுக்கும் அதே இருமல். வழியெல்லாம் இரண்டு குழந்தைகளும் மாறி மாறிக் கூவின. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டையும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

"முத்தடுப்பு ஊசி போட்டிருக்கா?"

"பதிவேட்டின்படி..." என்று ஆரம்பித்தேன்.

"போடலை டாக்டர்," என்றாள் நாமகிரி. "ஒரு தவணைகூடப் போடலை. இவர் பயந்துண்டு போடவிடலை. இவர்தான் அந்த ஊருக்கு ஊசிப் பிரசாரகர்."

டாக்டர் பேனாவை நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டாமல் எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் துலுக்காணம் நின்றிருந்தான். அவன் காதில் எல்லாமே விழுந்திருந்தது. அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

கிட்டத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டான். "அப்ப ஆபீசர் ஊசின்னு ஒண்ணு இல்லவே இல்லியா?"

"இல்லை."

"காய்ச்சல்?"

"வரும். அதே ஊசிதான். போட்டால் பல குழந்தைகளுக்கு வரும். ஒரு நாளில் போய்விடும். உன் குழந்தைக்கும் போட்டிருந்தால்..."

"நீயும் பயந்துக்கினியா?"

"ஆமாம்."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இத அன்னிக்கே மைக்ல சொல்லியிருக்கலாமே ஐயரே. நாங்க மட்டும்தான் பயந்தாங்கொள்ளிங்கன்னு வெக்கப்பட்டுக்கினு, கோவத்துல கத்திக்கினு இருந்தோம்."

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. புளியவேட்டில் வடக்குத் தெருக் குழந்தை ஒன்று பிழைக்கவில்லை. கூட்டத்தில் என் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட தாயின் குழந்தை. அதற்கு எந்தச் சொற்றொடரும் நான் எழுதவில்லை.

ஊர் திரும்பியதும் துலுக்காணம் கடை வாசலில், மைக் இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னேன். டிக் அடித்ததை, பயந்ததை, வெதுவெதுப்பை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வடக்குத் தெருத் தாய் எழுந்து போனாள். மற்றவர்கள் கிருபாபாய் பக்கம் திரும்பி, "நீ சொல்லுக்கா" என்றார்கள். அவர் மெமோவை மறந்து பழைய பாட்டைப் பாடினார். காய்ச்சல் வரும். தொடை வீங்கும். சில குழந்தைக்கு வராது. காய்ச்சல் வரும் என்பதோடு அவர்கள் எழுந்துவிட்டார்கள். கடைசி வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை.

இனி வேலை போயிற்று என்று காத்திருந்தேன். ரங்கையா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏம் டெக்னிக்கய்யா! என் பெண்ணுக்கு ஊசி போடலைன்னு அழுது காட்டி, ஊரையே மடக்கிட்டியே!"

"சார், அது டெக்னிக் இல்லை. நிஜமாகவே போடவில்லை."

"அதே! அதே மூஞ்சி! அப்படியே வெச்சுக்கோ!"

ஒரே வாரத்தில் புது சுற்றறிக்கை வந்தது. அதன்படி கோட்டத்திலுள்ள பிரசாரகர்கள் அனைவரும் தங்கள் குழந்தைகளுக்கு ஊசி போடவில்லை என்று பொது இடத்தில் கண்ணீருடன் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை இல்லாதவர்கள் உறவினர் குழந்தையைக் குறிப்பிடலாம். மேலும், காய்ச்சல் என்பது ஊசி வேலை செய்வதன் அத்தாட்சி. ஆகவே ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு நூறு காய்ச்சல் காண வேண்டும். குறைந்தால் விளக்கம் கேட்கப்படும்.

புதன்கிழமை முகாமுக்கு அறுபத்தொரு குழந்தைகள் வந்தன. கக்குவான் போனாலும் மற்ற இரண்டு நோய்க்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்ததால், உடம்பு தேறியிருந்த மரகதவல்லிக்கும் எல்லம்மாவுக்கும் முதல் தவணை. நாமகிரி வரிசையில் நின்றாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் பெண்ணின் தொடையில் கிருபாபாய் ஊசி போட்டார். குழந்தை வீலென்று அழுதது. எனக்கும் கண் கலங்கியது. "டெக்னிக்" என்று ரங்கையா எங்கள் டாக்டரிடம் கிசுகிசுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாமகிரி தர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. தொடையில் வீக்கம் இல்லை. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. பாவி, ஒரு டிகிரியாவது ஏறியிருக்கக் கூடாதா?

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. துலுக்காணம், அவன் மனைவி, பின்னால் ஏழெட்டுத் தாய்மார்கள். எல்லோர் தோளிலும் குழந்தைகள். எல்லாம் நல்ல காய்ச்சலில் துவண்டு கிடந்தன. எல்லோர் முகத்திலும் திருப்தி.

"எங்க எல்லம்மாவுக்கு நூத்தியொண்ணு!" என்றான் துலுக்காணம், பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வது போல. "உன் பாப்பாவுக்கு எவ்ளோ ஐயரே?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் மனைவி கையை நீட்டி மரகதவல்லியின் நெற்றியைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"ஜில்லுனு கீது," என்றாள்.

துலுக்காணம் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். பின்வரிசையில் ஒருத்தி, "இவங்களுக்கு மட்டும் வேற ஊசி போல" என்று முணுமுணுத்தாள். வராந்தாவில் நின்றிருந்த கிருபாபாய், "சில புள்ளைக்கு வராதுன்னு நான்தான் அன்னிக்கே..." என்று வாயைத் திறந்தார்.

"விடியற்காலம் நல்ல காய்ச்சல்!" என்று நான் உரக்கச் சொன்னேன். "நூற்றிரண்டு! இப்போதுதான் இறங்கிற்று."

தாய்மார்கள் முகமெல்லாம் மலர்ந்தது. துலுக்காணம் முன்னால் வந்து என் தோளைத் தட்டினான். "நீ பொய் சொல்ல மாட்ட ஐயரே. இனிமே நீ இன்னா சொன்னாலும் நாங்க கேப்போம்," என்றான்.

நாமகிரி தர்மாமீட்டரைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். புளியவேட்டில் நான் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு குழந்தைகூட ஒரு தவணையைத் தவறவிடவில்லை. என் வார்த்தையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.